கோமாளி மீனும் சின்னமனூர்க் கடலும்

மூன்று பக்கமும் மலை நிற்கிற சின்னமனூரில் கடல் மீன் கடை வைத்திருப்பவனிடம் யாரும் முதலில் மீன் விலை கேட்பதில்லை, "ஏன்?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்கும் பதில் தெரியாது. தங்கமீன், சண்டை மீன் என்று நல்ல தண்ணீர் மீன்களை விற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். ராமநாதபுரம் பக்கம் ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போன இடத்தில், வரவேற்பறையில் ஒரு கடல் தொட்டியைப் பார்த்தேன். பிரியாணி ஆறியது. வீட்டுக்காரி இரண்டு முறை வந்து கூப்பிட்டாள். நான் தொட்டி முன்னாலேயே நின்றேன். அதோடு என் நிம்மதி போயிற்று. காலையில் எழுந்ததும் பல் துலக்கும் முன் தொட்டியில் மீனை எண்ணிப் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே வார்டில் படுத்திருக்கிற நோயாளிகள். உங்களிடம் சொன்னால்தான் இதெல்லாம் புரியும்.

ரெண்டு போதும்

அந்தோணி அண்ணன் ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரைக்காரர். முப்பது வருடமாக மூழ்கி அழகு மீன் பிடிப்பவர். மீன் வேண்டுமென்றால் நேரில் வந்து பார்த்துவிட்டுக் கேள் என்று சொல்லிவிட்டார். முல்லையாற்றில் நீச்சல் பழகிய தைரியத்தில் நானும் போனேன். முகக் கண்ணாடியை மாட்டி, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். கீழே பவளப்பாறை. மான் கொம்பு போலக் கிளைத்தது ஒன்று, முட்டைக்கோஸ் போலச் சுருண்டது ஒன்று, அவற்றின் இடுக்கெல்லாம் நீலமும் மஞ்சளும் கோடும் புள்ளியுமாக மீன்கள். மூச்சு விட மறந்துபோனேன். அதற்குப் பதிலாகக் கடலைக் குடித்தேன். மேலே வந்து இருமி முடித்ததும் என்னையறியாமல் "சுப்ஹானல்லாஹ்" என்றேன். அண்ணன் சிரித்தார்.

பாறை ஓரத்தில் ஒரு கடல் சாமந்தி. பேர்தான் பூ, உண்மையில் அது உயிர். நூற்றுக்கணக்கான விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும், விரல் பட்ட மீனுக்கு மயக்கம்தான். அதற்குள்ளே எந்தக் கவலையும் இல்லாமல் ஐந்து கோமாளி மீன்கள் விளையாடின. கறுத்த உடம்பு, இரண்டு வெள்ளைப் பட்டை, மஞ்சள் வால். ஐந்தையும் கேட்டேன். அண்ணன் கைவலையோடு இறங்கினார். பாறையில் கால் வைக்கவில்லை, ஒரு கிளையை ஒடிக்கவில்லை. ஒரு குச்சியால் மெல்ல ஒதுக்கி, ஆகச் சிறியதில் இரண்டை மட்டும் வலையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். மிச்ச மூன்று என்று இழுத்தேன்.

"பெருசுதான் ஆத்தா, அதுக்கு அடுத்தது அப்பன். அதுகளை எடுத்தா குடும்பமே நின்னுபோகும் தம்பி. சிறுசுல ரெண்டு போதும், கடலுக்கும் கொஞ்சம் விட்டுட்டுப் போங்க" என்றார்.

பொறந்த வீட்டுத் தண்ணீர்

கடல் இல்லாத ஊரில் கடலை நாங்களே செய்துகொள்கிறோம். சுத்திகரித்த தண்ணீரில் பாக்கெட்டில் வரும் கடலுப்புத் தூளைக் கலந்து, கருவியில் ஒரு சொட்டு விட்டு உப்பின் அளவு பார்க்க வேண்டும். இந்த வேலை என் கடையில் செல்வியுடையது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என்னைவிடத் தொட்டியை நன்றாகப் பார்ப்பாள், என்னைவிட நன்றாகத் திட்டுவாள்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் எங்களிடம் இரண்டு நீல மீன் வாங்கியிருந்தார். தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனவர், திரும்பும்போது இரண்டு கேன் நிறையக் கடல் தண்ணீரோடு நேராகக் கடைக்கு வந்து இறங்கினார். மூன்று பஸ் மாறித் தூக்கி வந்திருக்கிறார். கேன் தூக்கிய தோள் பட்டையாகச் சிவந்திருந்தது. கூட்டம் குளித்த தண்ணீர், பகல் முழுக்க வெயிலில் கிடந்தது, தொட்டியில் ஊற்றினால் மீன் தாங்காது என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிப் போயிற்று. செல்வி பார்த்தாள். ஒரு சிறிய சொம்பில் மட்டும் எடுத்து, துணியில் வடிகட்டி, "இதை மட்டும் ஊத்துங்க சித்தப்பா, அத்தனை பெரிய தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கட்டிக் குடுத்த பிள்ளைக்குப் பொறந்த வீட்டுச் சீரு செய்யிறோம்ல பாய்? இதுகளுக்கு ஒரு சொம்புத் தண்ணிகூட வேணாமாக்கும்!"

வெள்ளை

அந்த வருடக் கோடை நமக்கே தாங்கவில்லை. கடலும் சூடாயிற்று. அண்ணன் போன் செய்து, "பாறை வெளுத்துப்போச்சு தம்பி" என்றார். பவளம் சூடு தாங்காமல் தன் நிறத்தைத் துப்பிவிடும். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். கடல் சாமந்திகளும் காகிதம் போல வெள்ளையாகிவிட்டன. நான் பார்த்த அந்த ஐந்து பேர் வீட்டில் இப்போது பெரிய மீனும் அதன் ஜோடியும் மட்டும்தான் மிச்சம் என்றார். அக்கம்பக்கத்து வீடுகள் காலி.

ஆனால் என் கடை நோட்டில் கோமாளி மீன் கேட்டு எழுதி வைத்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். பெரியகுளத்தில் ஒருவர் தொட்டி கட்டித் தயாராக வைத்துவிட்டுத் தினமும் போன் செய்கிறார். அண்ணனுக்கும் வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. நோட்டை மூடி வைத்துவிட்டு, "இனி இந்த மீனை உங்களிடம் கேட்க மாட்டேன் அண்ணே. நீங்கள் கொடுத்த ரெண்டையும் வைத்து இங்கேயே குஞ்சு எடுப்பேன். முடியாவிட்டால் கடல் மீனையே விட்டுவிட்டுத் தங்கமீனுக்குத் திரும்பிவிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. கடலையே ஒரே ஒரு தடவை பார்த்த மலைக்காரன், கடல் மீனைப் பிறக்க வைக்கப் போகிறேனாம்.

"கேக்காதீகன்னு சொல்ல எனக்கு வாய் வரல தம்பி. கேட்டா எடுத்துக் குடுத்துருவேன், என் பொழப்பு அப்படி. அதனால நீங்களே கேக்காம இருந்துக்கங்க" என்றார் அண்ணன்.

செவ்வாய் தோஷம்

உத்தமபாளையத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளுக்குச் செவ்வாய் தோஷம், வரன் தள்ளிக்கொண்டே போகிறது. ஜோசியர் பவள மோதிரம் போடச் சொன்னார், அம்மாவும் மகளும் ஆளுக்கொன்று போட்டாயிற்று. அப்படியும் நகரவில்லை. உயிரோடு இருக்கும் பவளத்தை வீட்டில் வைத்தால் பலன் கூடுதலாக இருக்குமே என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. "சின்னதா ஒரு கொப்பு போதும்" என்றார்.

என் தொட்டிகளில் இருப்பதெல்லாம் சிமெண்டில் செய்த பாறை. உயிர்ப் பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது பெரிய குற்றம், புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம் இதற்கும் என்று விளக்கினேன். போனில் படம் காட்டினேன். ஒரு கொப்பில் எத்தனை ஆயிரம் சின்ன வாய்கள், ஒவ்வொன்றும் ஒரு பிராணி, எல்லாம் சேர்ந்து கட்டிய வீடுதான் அந்தப் பாறை. விரல் நீளம் வளரவே வருடக்கணக்கில் ஆகும். அந்த அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மோதிரக் கல்லைப் பார்த்தார். "அப்ப இதுவும் ஒரு உசுரு கட்டுன வீடுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"புலியும் பவளமும் ஒரே கேஸுன்னு ஜோசியர் சொல்லவே இல்லையே பாய். இதுக்குப் பேசாம செவ்வாயோடயே இருந்துக்கிறோம்!"

யார் பெரியது?

என்னிடம் இருந்த இரண்டும் மாதக்கணக்கில் சண்டை போட்டன. ஒன்று முட்டும், மற்றது உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டும். மறுநாள் அது முட்டும். எது ஆண், எது பெண் என்று கேட்டேன். "ரெண்டும் ஆம்பளைதான்" என்றார் அண்ணன் போனில். எனக்கு மயக்கமே வந்தது. கோமாளி மீனில் எல்லாமே சிறுவயதில் ஆண்தானாம். கூட்டத்தில் எது பெரிதாகிறதோ அது பெண்ணாக மாறிவிடும். அந்தப் பெண் செத்தால் அதன் புருஷன் பெண்ணாகி, வரிசையில் அடுத்து நிற்பது புருஷனாகிவிடும். இதைக் கேட்ட அன்று நான் வியாபாரமே பார்க்கவில்லை. உலகத்தைப் படைத்தவன் எங்கெங்கே என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

வருடம் தாண்டிய பிறகு ஒன்று நன்றாகப் பெருத்தது, சண்டை நின்றது. ஒருநாள் சின்னது, நான் சாய்த்து வைத்திருந்த உடைந்த ஓட்டுச் சில்லை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தது. மறுநாள் காலை ஓட்டின் மேல் வரிசை வரிசையாக ஆரஞ்சு முட்டைகள். அப்பன் மீன் சோறு தண்ணி மறந்து பக்கத் துடுப்பால் விசிறிக்கொண்டே நின்றது. நான் செல்வியைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையோடு வந்து நின்று பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும் இதே கதைதான் பாய். யாரு பெருசுன்னு தெரியிற வரைக்கும்தான் சண்டை. தெரிஞ்சதும் அவரு பிள்ளைக்கு விசிற ஆரம்பிச்சிட்டாரு" என்றாள்.

நீல டிரம்

முதல் ஈட்டில், அதாவது முதல் தடவை இட்ட முட்டைகளில், பொரித்த குஞ்சுகள் மூன்று நாள்தான் இருந்தன. தங்கமீன் குஞ்சுக்குக் கொடுத்துப் பழகிய கையால் அவித்த முட்டை மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன். ஒன்றுகூட வாய் வைக்கவில்லை, தண்ணீர் நாறியதுதான் மிச்சம். இந்தக் குஞ்சுகளுக்கு உயிருள்ள இரைதான் ஆகும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத ரோட்டிஃபர் என்ற பிராணி. அதற்கு இரை, பாசி கலந்த பச்சைத் தண்ணீர். அண்ணன் கடற்கரையில் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் கேட்டு, ரோட்டிஃபர் ஒரு பாட்டிலும் பாசி ஒரு பாட்டிலும் பஸ்ஸில் அனுப்பினார். அதைப் பெருக்க மொட்டை மாடியில் பெரிய பாத்திரம் வேண்டும். ஓடைப்பட்டியில் திராட்சை போடும் தெய்வேந்திரன் எங்கள் நல்ல வாடிக்கையாளர். "நம்ம தோட்டத்துல நீல டிரம் சும்மா கெடக்கு பாய்" என்று ஏற்றி அனுப்பினார். செல்வி நாலு தடவை கழுவினாள்.

இரண்டாவது ஈடு பொரித்தது. டிரம்மில் பச்சைத் தண்ணீர் இரண்டே நாளில் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தும் ரோட்டிஃபர் ஒன்றைக்கூடக் காணோம். டிரம் தண்ணீர் ஊற்றிய குஞ்சுகள் அத்தனையும் போயின. நல்லவேளை, தாய் மீன் தொட்டிக்கு அந்தத் தண்ணீர் போகவில்லை. டிரம் சிறியதாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து இன்னொன்று கேட்கத் தோட்டத்துக்குப் போனேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! அங்கே தெய்வேந்திரன் அதே மாதிரி நீல டிரம்மில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துக்கொண்டிருந்தார், கொடிக்கு அடிக்க. மயில்துத்தம் என்றால் செம்பு. செம்பு பாசியைக் கொல்லும், கடல் பூச்சியைக் கொல்லும். டிரம்மும் நீலம், மருந்தும் நீலம். நாலு தடவை கழுவியும் ஒட்டியிருந்த கறை யார் கண்ணிலும் படவில்லை. நான் சொன்னதும் அவர் கையிலிருந்த கம்பை அப்படியே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்தார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கழுவியது நாங்கள், கேட்காமல் வாங்கியது நான். நாலாம் நாள் அவரே கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஒரு டிரம்மை இறக்கினார்.

"கடையில புதுசா எடுத்தேன் பாய். வெள்ளை டிரம். இனி எது ஒட்டியிருந்தாலும் நம்ம கண்ணுக்குத் தப்பாது."

மக்ரிபுக்குப் பிறகு

மூன்றாவது ஈடு. இதுவும் போனால் கடல் தொட்டிகளை விற்றுவிடுவது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நோட்டில் எழுதி வைத்த பெரியகுளத்துக்காரர் வேறு ஆளிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டார். வேறு ஆள் என்றால் யார், எந்தப் பாறையை ஒடித்து எடுத்துக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். எட்டாம் நாள் முட்டைகளுக்குள் வெள்ளிக் கண்கள் மின்னின. இந்த மீன் பொரிப்பது பொழுது சாய்ந்து இருட்டிய பிறகுதான். மக்ரிப் தொழுதுவிட்டு ஓடி வந்தேன். செல்வி வீட்டுக்குப் போகவில்லை. தெய்வேந்திரன் திராட்சைக் கூடை ஒன்றைக் கொண்டுவருகிற சாக்கில் வந்து நின்றிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கி விளக்கை அணைத்தோம்.

அப்பன் மீன் வேகவேகமாக விசிறியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓட்டின் மேல் ஒரு தூசி அசைந்தது. அது தூசி இல்லை, அதற்குக் கண் இருந்தது. பின்னால் இன்னொன்று. பிறகு நூறு. உடம்பெல்லாம் கண்ணாடி, கண் மட்டும் வெள்ளி, செல்வி பிடித்திருந்த டார்ச்சின் மங்கிய வெளிச்சத்தை நோக்கி நெளிந்து நெளிந்து ஏறின. என் ஐம்பதாவது வயதை நெருங்கும்போது அல்லாஹ் இதை எனக்குக் காட்டினான். கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. மூன்று பேரும் சத்தம் போட்டால் கலைந்துவிடும் என்பதுபோல நின்றோம். வெகுநேரம் கழித்துத் தெய்வேந்திரன் என் காதோரம் குனிந்தார்.

"பாய், கடல் இங்கன இல்லைங்கிற விசயம் இதுகளுக்குத் தெரியாதுல்ல?"

அந்தோணி அண்ணன் வந்தார்

வெள்ளை டிரம்மில் பச்சைத் தண்ணீர் பச்சையாகவே நின்றது. இருந்தும் குஞ்சுகள் நாளுக்கு நாள் குறைந்தன. காலையில் தொட்டி முன் உட்காரும்போது மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பன்னிரண்டாம் நாள் ஒன்றின் கழுத்தில் மெல்லிய வெள்ளைப் பட்டை விழுந்தது. அன்று கடையில் எல்லோருக்கும் அல்வா. கடைசியில் பதினோரு குஞ்சுகள் நின்றன. நூற்றுக்கணக்கில் பிறந்ததில் பதினொன்று. எனக்கு அது பெரும்படையாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் பார்க்க வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி மேகமலைப் பக்கம் அண்ணாந்து பார்த்தபடியே, "இம்புட்டு மலைக்கு நடுவுலயா?" என்றார். கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டுத் தொட்டி முன் உட்கார்ந்து கண்ணாடியில் விரலை வைத்தார். பதினொன்றும் விரலருகே கூடிவிட்டன. அண்ணன் வெடுக்கென்று விரலை எடுத்துக்கொண்டார். கடலில் அவர் நிழல் விழுந்தாலே சாமந்திக்குள் பாய்ந்து ஒளிகிற மீன்களை மட்டும் பார்த்தவர் அவர். "என்னம்மா, இதுக பயப்படல?" என்று செல்வியைக் கேட்டார். "இதுகளை யாரும் வெரட்டுனதே இல்லைல்ல அண்ணே" என்றாள் செல்வி. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

நான் மெதுவாக, குஞ்சு பொரித்ததைக் கேட்டுக் காத்திருந்த பெரியகுளத்துக்காரருக்கு இதிலிருந்து இரண்டு போகிறது, அடுத்த ஈடும் ஓட்டில் இருக்கிறது, அதனால் சொன்ன சொல்படி இனி இந்த மீனை உங்களிடம் கேட்கவே மாட்டேன் அண்ணே என்றேன். சொல்லும்போதே சங்கடமாக இருந்தது. அவர் வருமானத்தில் ஒரு பங்கை அவர் முகத்துக்கு நேரே வெட்டுகிறேன் அல்லவா? அவர் தலையாட்டினார். அந்தப் பாறையில் சாமந்தி ஒன்றிரண்டு திரும்ப நிறம் பிடித்திருக்கிறது, பெரிய மீனும் அதன் ஜோடியும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன என்று சொன்னார். நண்டு வலை இருக்கிறது, வயிற்றுக்கு அது போதும் என்றார். பிறகு மறுபடியும் கண்ணாடியில் விரலை வைத்தார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"முப்பது வருசத்துல ஒருநாளும் கையில வலை இல்லாம அங்கன எறங்குனதில்ல தம்பி. ஊருக்குப் போனதும் ஒருதரம் சும்மா எறங்கிப் பாத்துட்டு வந்து சொல்றேன், அதுக வீட்டுல எப்படி இருக்குன்னு."

இத்தனை வருடக் கடல் மீன் தொழிலில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வியாபாரம், முப்பது வருடம் மீன் பிடித்த மனிதர் ஒருவரை வெறுங்கையோடு கடலுக்கு அனுப்பி வைத்ததுதான்.